பாத்து வெட்டுங்க

நான் ஷூ கம்பெனியில் செக்கர். பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். தோலில் கீறல் இருந்தாலோ தையல் பிசகியிருந்தாலோ சிவப்பு டேப் ஒட்டி ஒதுக்கி வைப்பேன். சிவப்பு என்றால் ரிஜெக்ட். பச்சை என்றால் பாஸ். மஞ்சள் என்றால் ரீவொர்க், அதாவது பிரித்துத் திரும்பத் தைத்தால் தேறும் என்று அர்த்தம். எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனிக்குப் போவதால் இந்த மூன்று நிறமும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் செய்யும் உப்புமாவைப் பார்த்து என் மகள் "ரெட்டும்மா" என்று தட்டை நகர்த்துவாள்.

இவ்வளவு தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன். வேறு யாராவது செய்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். என்னை நானே எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது?

மாதனூரைத் தாண்டி மலையைப் பார்த்துப் போகும் மண்பாதையில் அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது. எனக்கும் அண்ணனுக்கும் பொது, பாகம் பிரிக்கவில்லை. மேல்பக்கம் மேட்டுநிலம். மழையை நம்பி வேர்க்கடலை போடுகிறோம். போடுகிறோம் என்றால் அண்ணன் போடுகிறான், நான் ஞாயிற்றுக்கிழமை களை எடுக்கிறேன். கீழ்ப்பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடை. ஓடைக்கும் மேட்டுக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு துண்டு, நாற்பது சென்ட் இருக்கும். அதற்கு ஓடைப்புறம் என்று பெயர். அங்கே உள்ள கிணற்றில் தண்ணீர் உப்பு. எங்கள் பக்கத்தில் நிறையக் கிணறுகள் அப்படித்தான். தோல் ஊறவைத்த தண்ணீர் பூமிக்குள் இறங்கிய கதை எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. கோடையில் ஓடைப்புறத்துத் தரை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். கடலை முளைக்காது, கேழ்வரகும் வராது. கிராமக் கணக்கில் தரிசு என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணன் "சும்மா கெடக்குற எடம்" என்பான்.

அது சும்மா கிடக்கவில்லை. சூரை, காரை, கிளுவை, நொச்சி, ஆவாரை என்று யாரும் வைக்காத செடிகள் அங்கே தாமாக அடர்ந்திருந்தன. சூரைப் புதருக்கு அடியில் கௌதாரி முட்டை வைக்கும். முயல் உண்டு, கீரி உண்டு, ஒரு பெரிய உடும்பு கிணற்றுக் கல்லில் வெயில் காயும். காலையில் நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது கௌதாரி கத்துகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். முதலில் எனக்கு இதிலெல்லாம் எந்த ஆசையும் இருந்ததில்லை. பாம்பு இருக்கும், அந்தப் பக்கம் போகாதே என்று மகளைத் திட்டியிருக்கிறேன். ஒரு மான் செத்த பிறகுதான் நான் மாறினேன்.

அந்தக் கோடையில் அண்ணன் ஓடைப்புறத்துக்குத் தீ வைத்திருந்தான். பங்குனி மாதம் புதருக்குத் தீ வைப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். நானும் அன்று அவனோடு நின்று வேப்பங்கொத்தால் நெருப்பு மேலே ஏறாமல் அடித்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நாய்கள் குரைத்தன. மலையில் தண்ணீர் வற்றி ஒரு புள்ளிமான் ஓடையைத் தேடி இறங்கியிருக்கிறது. நாலைந்து நாய்கள் சுற்றிக்கொண்டன. அது ஓடைப்புறத்துக்குள் ஓடியது. போன வருஷம் வரை அங்கே நுழைந்திருந்தால் நாயால் உள்ளே போயிருக்க முடியாது, அவ்வளவு முள். இந்த வருஷம் அங்கே சாம்பல்தான் இருந்தது. அந்தச் சாம்பலில் இங்கும் அங்கும் ஓடி, ஒளிய ஒரு செடி இல்லாமல், கிணற்றோரம் நின்றுவிட்டது. நான் கல் எடுத்து வீசினேன், கத்தினேன். ஆட்கள் வந்து நாய்களை விரட்டியபோது மானுக்கு உயிர் இருந்தது. வனத்துறை வண்டி வந்தபோது இல்லை.

அன்று பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் லேட்டாகப் போய்ச் சேர்ந்தேன். விளக்குக்குக் கீழே ஷூவைத் திருப்பும்போது கண்ணில் தண்ணீர் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை. வேப்பங்கொத்தோடு நின்றவள் நானும்தான் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

அதற்குப் பிறகு தீ வைக்கக் கூடாது என்று அண்ணனிடம் சண்டை போட்டேன். ஒரு சிமெண்ட் தொட்டியை வாங்கி ஓடைப்புறத்தில் தரையோடு தரையாகப் புதைத்தேன். கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது என்று, மேட்டிலிருக்கும் போர்வெல்லிலிருந்து தினமும் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு குடம் சுமந்து ஊற்றுவேன். ஒரு குடத்தை நாய் குடிக்கும், ஆடு குடிக்கும். மிச்சம் யார் குடிப்பார்களோ. என் வீட்டுக்காரர், "கம்பெனில நின்னது போதாதா ஒனக்கு?" என்பார். இடுப்பு வலிக்கிற நேரத்தில் அவர் கேட்பது சரியாகத்தான் படும்.

வேர் கருகாததால் சூரையும் காரையும் இரண்டு மழையில் திரும்ப வந்தன. அவற்றோடு வேலிகாத்தானும், அதாவது சீமைக்கருவேலமும் வந்தது. அதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் வெறுமனே முள்ளு என்றாலே அதுதான். ஆடு அதன் மஞ்சள் காயைத் தின்று போகிற வழியெல்லாம் விதைக்கும். வெட்ட வெட்டக் கிளைக்கும். நாலே வருஷத்தில் அது எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக்கொண்டது. நிழல் விழுந்து கீழே ஆவாரை சாக ஆரம்பித்தது. நான் அந்த மரத்தைச் சனியன் என்றுதான் சொல்வேன்.

இதற்குள் காட்டுப்பன்றி வந்துவிட்டது. ராத்திரியில் மேட்டுக் கடலையைக் கிளறிவிட்டுப் பகலில் ஓடைப்புறத்தில் படுத்துக்கொள்கிறது என்று அண்ணன் சொன்னான். படுத்ததை அவன் பார்த்ததில்லை. ஆனால் கிளறியதை நான் பார்த்தேன், வரிசை வரிசையாக. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அதே சமயம் தோல் துண்டு காயவைக்க யாரோ ஓடைப்புறத்தை வாடகைக்குக் கேட்டிருந்தார்கள்.

"எவ்ளோ நாளைக்குமா இந்த முள்ளுக்காட்ட வெச்சிக்கினு பேஜார் பட்றது? ஜேசிபி விட்டு ஒரே நாள்ல மட்டம் பண்ணிட்றேன். சும்மா கெடக்குற எடம் வாடகைக்காவது போவும்."

"நாலு கௌதாரி, முயலு இருக்குதுணா. கோடையில மான் எறங்குது. எங்க போவும்?"

"மலைக்குப் போவும். அதுக்குத்தான் மலைய வெச்சிருக்குது."

அன்று சாயங்காலம் வரை வாக்குவாதம். கடைசியில் அவனே ஒரு வழிக்கு வந்தான். என் அண்ணன் கெட்டவன் இல்லை. எட்டு வருஷம் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் நின்று முதுகு போய், ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் அலுப்புத்தான்.

"இங்க பாரு. ஆடில கடல போட்றதுக்கு முன்ன அந்த முள்ளு மொத்தமும் போவணும். முள்ளு இல்லனா பன்னி படுக்காது. நீ எடுத்துட்டீனா மிச்ச செடிய நான் தொடமாட்டேன், வாடகைக்கும் உடமாட்டேன். எடுக்கலன்னு வையி, நான் ஜேசிபி விட்ருவேன். அப்பறம் அழுவக் கூடாது."

சரி என்றேன். ஆடிக்கு இரண்டு மாதம் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு கூட்டம் நடந்தது. சொந்த நிலத்தில் மரம் செடி காப்பது பற்றிப் பேச வனத்துறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வேலிகாத்தானை ஒரே தடவையில் எடுக்காதீர்கள், கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் நம் செடி வந்த பிறகு அடுத்ததை எடுங்கள், அதுவரை பறவைக்கு ஒதுங்க ஏதாவது வேண்டாமா என்று கேட்டார். அவரிடம் இரண்டு மாதக் கெடு பற்றிச் சொல்லலாம் என்று கை தூக்கினேன். அதற்குள் டீ வந்து கூட்டம் கலைந்துவிட்டது.

தனியாக வெட்ட முடியாது. ஆறு நாள் கம்பெனி, ஏழாம் நாள் துணி, ரேஷன், களை. எனவே என் லைனில் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணைக் கேட்டேன். அவளும் அவளுடைய ஊர்க்காரிகள் இரண்டு பேரும் ஞாயிறுகளில் கூலி வேலைக்குப் போவார்கள். கை வேகம், வேலை சுத்தம். அவள் தைத்த ஜோடிகளில் நான் சிவப்பு ஒட்டியது ரொம்பக் கம்மி. பஸ்ஸில் அவளிடம், "ஓடப்புறத்துல முள்ளு எடுக்கணும், வர்றீங்களா?" என்றேன். வருகிறோம் என்றாள். முள்ளு என்று நான் சொன்னது வேலிகாத்தானை. ஆனால் சூரைக்கு முள் இல்லையா, காரைக்கு முள் இல்லையா? அந்த இடத்தில் நொச்சியும் ஆவாரையும் தவிர எல்லாமே முள்தான். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எதை விடவேண்டும் என்று அடையாளம் வைக்க நினைத்தேன். எங்கள் ஊர் ரோட்டை அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்களெல்லாம் போயின. அடிமரத்தில் சிவப்புத் துணி சுற்றியிருந்த ஒரே ஒரு வேப்பமரம் மட்டும் நின்றது. அம்மன் மரம் என்று வெட்ட வந்தவர்களே கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். ரோடு அந்த இடத்தில் இன்றைக்கும் லேசாக வளைகிறது. சிவப்புத் துணி கட்டியதில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள் என்பது என் மனசில் ஊறிப்போன விஷயம். சிவப்புத் துணிக்கு எங்கே போவது? கம்பெனியில் கழித்துப்போட்ட சிவப்பு டேப் சுருள் ஒன்று குப்பையில் கிடந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கக் குனிந்து குனிந்து, ஒவ்வொரு சூரைக்கும் காரைக்கும் கிளுவைக்கும் கட்டினேன். கட்டி முடித்து மேட்டிலிருந்து பார்த்தபோது திருவிழா போல இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை மறைக்கவில்லை.

அப்போது போன் வந்தது. ஷிப்மெண்ட் அவசரம், செக்கிங் ஆட்கள் மட்டும் ஞாயிறு ஓ.டி.க்கு வரவேண்டும் என்றார்கள். தையல்காரர்களுக்கு லீவு. நான் அந்தத் தையல் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"நான் இருக்கமாட்டேன்மா. சாவி போர் ரூம் மேல இருக்குது, அருவா உள்ள இருக்குது. டேப் கட்டியிருக்கேன், பாத்து வெட்டுங்க."

"சரிக்கா, பாத்து வெட்டிட்றோம். நீங்க கவலப்படாதீங்க."

பாத்து வெட்டுங்க. இந்த இரண்டு வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் சொன்னது ஜாக்கிரதையாக வெட்டுங்கள் என்று. அவள் கேட்டது டேப்பைப் பார்த்து வெட்டுங்கள் என்று. யாரைக் குற்றம் சொல்வது?

ஞாயிறு நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். மேட்டிலிருந்து இறங்கும்போதே வேலிகாத்தான்கள் தெரிந்தன. எல்லாம் அப்படியே நின்றன, மஞ்சள் காய் தொங்க. அவற்றுக்குக் கீழே வெளிச்சமாக இருந்தது. இவ்வளவு வெளிச்சம் எப்படி என்று யோசித்துக்கொண்டே இன்னும் நாலு அடி நடந்தேன். பிறகு குவியல்களைப் பார்த்தேன். சூரை ஒரு குவியல், காரை ஒரு குவியல், கிளுவை ஒரு குவியல். வரிசையாக, ஒரே உயரத்தில், பக்கவாட்டில் தட்டி ஒழுங்குபடுத்தி அடுக்கியிருந்தார்கள். டேப் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

மூன்று பேரும் கிணற்று நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கை வரை கீறல். அவள் எழுந்து வந்து கைகளைக் காட்டினாள்.

"இந்தச் சூர முள்ளு இன்னா குத்து குத்துதுக்கா! ஆனா ஒண்ணு உடல. நீங்க கட்டினது அத்தனையும் எடுத்துட்டோம். எண்ணிப் பாத்துக்கங்க."

"டேப் கட்டினத விட்டுட்டு மத்தத இல்ல வெட்டச் சொன்னேன்" என்றேன்.

அவள் முகத்தில் முதலில் புரியாமை. பிறகு பயம்.

"ரெட்டு கட்டியிருந்துதுக்கா. ரெட்டுனா ரிஜெக்ட் தான? நீங்களே கட்டியிருக்கீங்க, செக் பண்ணிக் கட்டியிருக்கீங்கன்னு... வேலிகாத்தான் நல்ல வெறகாச்சே, அதான் அத மட்டும் வெச்சிக்கிறீங்க, மத்த புதர கழிக்கிறீங்கன்னு நெனச்சோம்."

அவள் சொன்னதில் ஒரு சொல் பிசகு இல்லை. பதினெட்டு வருஷம் சிவப்பு ஒட்டி ஒட்டி இவர்களுக்கு அந்த நிறத்தைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். தினமும் எட்டு மணி நேரம் ரிஜெக்ட், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மன் என்றால் யாருக்குப் புரியும்? அவள் அழ ஆரம்பித்தாள். மற்ற இருவரும் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கோபம் இருந்தது. போய்ச் சேர ஆளில்லாத கோபம். "உங்க மேல தப்பு இல்லடி, வாங்க, கைக்கு மஞ்சள் வெச்சிக்கலாம்" என்று வீட்டுக்கு அழைத்துப் போனேன். டீ போட்டுக் கொடுத்து, பேசியபடி கூலியையும் கொடுத்து அனுப்பினேன். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. "ரெட்டும்மா" என்று சொல்ல வந்த மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அண்ணன் வந்து பார்த்தான். இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றவன், விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தான்.

"ரிஜெக்ட் பண்றதையே வேலையா வெச்சிக்கினு இருந்தா இப்டித்தான். சரி உடு. ஆடி மொத வெள்ளிக்கிழம ஜேசிபி வருது. மிச்சத்தையும் எடுத்துட்லாம். இனிமே காப்பாத்த இன்னா இருக்குது?"

அவன் சொன்னதுதான் எனக்கும் தோன்றியது. சொன்னால் வெட்கம், அன்றிலிருந்து ஒரு வாரம் நான் தொட்டிக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. போரடியில் குடம் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போவேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ காலையில் ரோட்டுக்குப் போகும்போது கௌதாரி கத்தியது. ஓடைப்புறத்திலிருந்துதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். தாய்க் கௌதாரி வெட்டவெளியைக் கடந்து ஓடியது, பின்னாலேயே மூன்று குஞ்சுகள். போய்ப் பதுங்கிய இடம் வேலிகாத்தான் அடி. நான் சனியன் என்று சொன்ன மரத்தின் தாழ்ந்த கிளை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதற்குள் நுழைந்துவிட்டன. மேலே ஒரு வல்லூறு சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நாற்பது சென்டில் இனி ஒதுங்க வேறு இடமே கிடையாது. ஜேசிபி வந்தால் அதுவும் கிடையாது. அந்த மானும் இதே கிணற்றோரம்தான் நின்றது. பஸ் ஹாரன் அடித்தது. போகட்டும் என்று விட்டுவிட்டுக் குடத்தை எடுக்கப் போனேன்.

சாயங்காலம் டீக்கடைக்குப் போய், "அந்த வேலிகாத்தான உட்ருணா" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "போன மாசம் வரைக்கும் அதச் சனியன்னு சொன்னவ நீ."

"ஆமா. இப்ப கௌதாரிக்கு ஒதுங்க அத விட்டா எடமில்லணா."

"பன்னி?"

"கடலயச் சுத்தி வெட்டின சூர முள்ளப் போட்டு வேலி கட்டித் தரேன். நானே கட்டித் தரேன்."

"உன்னால முடியாதும்மா. ஒன் மூஞ்சியப் பாரு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜேசிபிக்குச் சொல்லியாயிற்று, வரட்டும், பார்க்கலாம் என்று முடித்துவிட்டான்.

அடுத்த மூன்று வாரம், வெட்டிப்போட்ட சூரையை இழுத்து வந்து கடலை நிலத்தைச் சுற்றி வேலி போட்டேன். காலையில் அரை மணி, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை. அந்தக் குவியலை அவள் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்ததால் இழுப்பது சுலபமாக இருந்தது. இரண்டு ஞாயிறு அவளும் கூலி வேண்டாம் என்று வந்தாள். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தது. வெட்டிய கட்டைகள் இருந்த பக்கம் மட்டும் நான் தலையைத் திருப்பவே இல்லை. பார்க்கத் தெம்பு இல்லை.

ஆடி முதல் வெள்ளி. கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு விடிந்ததும் ஓடைப்புறத்துக்குப் போனேன். பையில் இரண்டு சுருள் டேப் இருந்தது. பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. இப்போது நிறம் யாருக்கு எப்படிப் புரியும் என்று எனக்குத் தெரியும். முதல் மரத்தில் பச்சையைக் கட்டப் போனேன், மனசு வரவில்லை. வேலிகாத்தானைப் பாஸ் பண்ண என்னால் முடியாது. அது அந்த இடத்தைத் தின்றுகொண்டிருப்பது பொய்யில்லை. பச்சையைப் பையில் போட்டுவிட்டு மஞ்சளை எடுத்தேன். மொத்தம் இருபத்தாறு மரம். கடைசி மரத்தோடு சுருள் தீர்ந்தது.

ஜேசிபி மண்பாதையில் வந்து நின்றது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தவில்லை. அண்ணன் முன்னால் நடந்து வந்து, கடலை நிலத்தைச் சுற்றியிருந்த முள்வேலியைக் காலால் தட்டிப் பார்த்தான். அசையவில்லை. பிறகு இறங்கி வந்து டேப்புகளைப் பார்த்தான். எட்டு வருஷம் கட்டிங்கில் நின்றவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"ரீவொர்க்கா?"

"ஆமா."

"மொத்தமுமா?"

"மொத்தமும். கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறேன். செடி வர வர எடுக்கறேன்."

"ரீவொர்க்க யாரு செய்வா?"

"நான்தான்."

கம்பெனியில் ரீவொர்க் என்றால் யாருக்கும் பிடிக்காது. புதிதாக ஒரு ஜோடி தைப்பதைவிட அதில் நேரம் ஜாஸ்தி, கணக்கில் ஏறாது. அவனுக்கு அது தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நாலைந்து மரம் தாண்டிப் போனவன் குனிந்தான். செருப்பு முனையால் சருகைத் தள்ளினான்.

"செக்கரம்மா, இங்க வா. இதுக்கு ஏன் கட்டல?"

போய்ப் பார்த்தேன். சூரையின் வெட்டிய கட்டை. அதன் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு நாலு துளிர் கிளம்பியிருந்தது. இலை இன்னும் சரியாக விரியவில்லை, முள் பச்சையாக, குத்தத் தெரியாமல் இருந்தது. மேலே வேலிகாத்தான் கிளை கவிழ்ந்திருந்ததால் ஆடு வாய் வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு காரைக்கட்டையிலும் துளிர். அதற்கும் அந்தப் பக்கம் இன்னொன்று. தீ வைத்தபோதே செத்துப்போகாத வேர், அரிவாளுக்கா சாகும்? மூன்று வாரமாக இதைத் தாண்டித் தாண்டித்தான் நான் முள் இழுத்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் செக்கர்.

கண் நிறைந்துவிட்டது. அண்ணன் வேறு பக்கம் பார்த்தான்.

"கட்டு, கட்டு. வண்டிக்காரன் நிக்கிறான்."

"மஞ்ச டேப் தீந்துபோச்சுணா."

அவன் தலைக்கு மேலிருந்த வேலிகாத்தானைப் பார்த்தான். அந்த வரிசையில் கடைசியாக, ஓரமாக நின்ற ஒல்லி மரம் ஒன்றைக் காட்டினான். "அத அவுத்து இதுக்குக் கட்டு. அப்ப அது போவலாம் இல்ல?"

அந்த மரத்தடியில் கௌதாரி இல்லை. துளிர்மேல் அதன் நிழலும் விழவில்லை. சுற்றிப் போய் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "போவலாம்" என்றேன். முடிச்சை அவிழ்த்து வந்து, குந்தி உட்கார்ந்து சூரைக் கட்டையில் கட்டினேன்.

ஜேசிபி அன்று அந்த ஒரு மரத்தை மட்டும் பிடுங்கியது. இதுக்கா கூப்ட்டீங்க என்று ஓட்டுநர் திட்டிக்கொண்டே போனான். அண்ணன் இன்னும் போகவில்லை. குனிந்தபடி சருகைத் தள்ளித் தள்ளி மற்ற கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தான். இன்னும் இருபத்தைந்து மரம் இருக்கிறது, எனக்கு நாற்பத்தாறு வயது. பர்மிஷன் முடிய அரை மணி இருந்தது. நான் போய்க் குடத்தை எடுத்தேன்.